தரவரிசைக்கு வெளியே

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் படிப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் தரவரிசையின் உச்சியில் நிற்கும் பல்கலைக்கழகங்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. தூத்துக்குடியில் மீன்வளம் படித்த என் மகளிடமும் ஆலோசனை மையத்தில் அதே பட்டியலைத்தான் நீட்டினார்கள். அவள் தேர்ந்தெடுத்தது கனடாவில், ஹாலிஃபாக்ஸ் துறைமுக நகரிலுள்ள டல்ஹவுசி பல்கலைக்கழகம். ஏறத்தாழ 20,000 மாணவர்கள். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். (டல்ஹவுசி பல்கலைக்கழகத்தை 1818இல் நிறுவியவர், நம் வரலாற்றுப் பாடத்தில் வரும் டல்ஹவுசி பிரபுவின் தந்தை.)

கடலியலுக்கு அங்கே தனித்துறை உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே பேராசிரியர்கள் மூவருக்கு எழுதினாள். ஒருவர் காணொளியில் முக்கால் மணி நேரம் பேசினார். அவளுடைய இறால் பண்ணைத் திட்ட அறிக்கையைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்டார். ஆய்வோடு கூடிய முதுகலைக்கு, வழிகாட்ட ஒருவர் ஒப்புக்கொள்வதுதான் முக்கியம். இதை ஆலோசனை மையத்தில் யாரும் சொல்லவில்லை என்பதே என் ஆதங்கம்.

சின்ன ஊர், வாடகை மலிவாக இருக்கும் என்று நாங்கள் நம்பியது தவறு. அறை கிடைக்க ஆறு வாரம் ஆனது. வாழ்க்கைச் செலவுக்குக் கையில் இருப்பதாக மாணவர்களைக் கனடா அரசு காட்டச் சொல்லும் தொகையும் 2024 ஜனவரியில் 10,000 கனடா டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்ந்து, பின்னர் மேலும் கூடியது.

அடுத்த கட்டுரையில் இத்தகைய நடுத்தரப் பல்கலைக்கழகங்களின் துறைகள், உதவித்தொகை, வாடகை பற்றியும் எழுதுங்கள். பெற்றோர் பலர் வீட்டை அடமானம் வைக்கும் முன் உங்கள் இதழைத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு தந்தை,
தூத்துக்குடி