நோர்வூட்டிலிருந்து வெல்லம்பிட்டிக்கு

நோர்வூட்,
தை மாதம், 2026

அன்பின் யோகராஜ்,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் கிடைத்தது. நவம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதையும், தையல் மெஷினை மேசைமேல் தூக்கி வைத்தும் மேசையோடு அது மூழ்கியதையும் படித்துவிட்டு வெகுநேரம் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். அது உன் அம்மா கொழுந்துக் காசு சேர்த்து ஹட்டனில் வாங்கிய மெஷின். நம் இரண்டு பேருடைய பள்ளிக்கூடச் சட்டையும் அதில்தான் தைக்கப்பட்டது. மோட்டாரைக் காய வைத்துப் பார்த்தாயா? ஈரம் போகும்வரை கரண்ட் கொடுக்காதே.

நாங்கள் எல்லோரும் சுகம். லட்சுமியின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சின்னவன் டிக்கோயாவில் வேலைக்குப் போகிறான்.

இனி உன் கோபத்துக்கு வருகிறேன். "மேலே நீர்த்தேக்கத்து வான் கதவைத் திறந்துவிட்டீர்கள், கீழே நாங்கள் மூழ்கினோம்" என்று எழுதியிருந்தாய். மச்சான், அந்த இரவு இங்கே எப்படி இருந்தது என்பதை முதலில் கேள். பிறகு கதவைப் பற்றிப் பேசுவோம்.

நவம்பர் 27, வியாழக்கிழமை. பகல் முழுவதும் மழை ஓயவே இல்லை. இரவு எட்டு மணிக்குக் கரண்ட் போனது. எங்கள் லயத்து வீடுகளுக்கும் ஓயா ஆற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். தண்ணீர்ச் சத்தம் எங்களுக்குத் தாலாட்டு மாதிரி, அதற்கு யாரும் விழிப்பதில்லை. பத்து மணி போலத் தண்ணீருக்கு அடியிலிருந்து வேறொரு சத்தம் வந்தது. சாக்கு நிறையத் தேங்காயைச் சீமெந்துத் தரையில் உருட்டுவது போல. ஓயாவின் அடியில் கல் உருள்கிறது. அறுபது வருடத்தில் நான் அதை இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன். கூடவே பச்சை மண் வாடை, மலையில் புதுசாக வடிகால் கான் வெட்டும்போது வருமே, அந்த வாடை.

அன்று மாலையே லயத்தின் மூன்றாம் காம்பரா வீட்டுப் பாட்டி மலையூற்றுப் பீலியில் குடத்தை வைத்துவிட்டு எடுக்காமலே திரும்பி வந்தார். தண்ணீர் பால்விட்ட தேத்தண்ணி நிறத்தில் வந்ததாம். "பீலி கலங்கிருச்சு, மலை அசையுது, எந்திரிங்க" என்று காம்பரா காம்பராவாகக் கதவைத் தட்டினார். அவர் சொல்லைக் கேட்டுத்தான் நாங்கள் கோயில் மண்டபத்துக்குப் போனோம். விடியற்காலை இரண்டு மணிக்கு மேல் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்கரை இறங்கியது. இரண்டு குசினியும் ஒரு கக்கூசும் போயின. உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் ஃபோன்களுக்கு எச்சரிக்கை வந்திருந்தது, சிங்களத்தில். தமிழில் வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் படித்தது அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான்.

டித்வா புயலில் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள்தான் அதிகம் இழந்தன. நாங்கள் பிழைத்ததைச் சொல்லவே நா கூசுகிறது.

இனி கதவு. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் இரண்டும் களனி ஆற்றின் மொத்த நீரேந்துப் பரப்பில் ஒரு சிறு பங்கைத்தான் மறிக்கின்றன. கெஹெல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து களனியாகிக் கித்துல்கலையைத் தாண்டிய பிறகு, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவன்வெல்லைப் பக்கத்து மழை முழுவதும் அதில் வந்து விழுகிறது. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க வழியில் பெரிய நீர்த்தேக்கம் எதுவும் இல்லை. நோர்ட்டன், கென்யன், லக்ஷபான எல்லாம் சின்னக் குளங்கள். நிரம்பினால் கதவைத் திறப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. உன் வீட்டுக்குள் வந்த தண்ணீரின் பெரும்பங்கு எந்தக் கதவையும் பார்க்காத தண்ணீர்.

ஆனாலும் உன் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இல் இந்த இரண்டு ஓயாக்களிலும் மின்சாரம் எடுக்கலாம் என்று சொன்ன நாளிலிருந்து இங்கே கட்டப்பட்டதெல்லாம் மின்சாரத்துக்காகத்தான். மின்சாரத்துக்கு நிறைந்த குளம் வேண்டும், வெள்ளத்துக்கு வெறுங்குளம் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் குளங்கள் தளும்பி நிற்கும் நேரம் பார்த்துப் புயல் வந்தால் என்ன செய்வது? மழை வரப்போகிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொன்னவுடனே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து இடம் பண்ணலாம். சொன்ன மழை வராவிட்டால் அந்த மின்சாரம் நட்டம். அந்த நட்டத்தை ஏற்கத் தயார் என்று நாடு முன்கூட்டியே ஒரு விதி வைக்கவேண்டும். நடுராத்திரியில் கதவடியில் நிற்கும் ஒரு பொறியியலாளர் தலையில் அந்த முடிவைச் சுமத்தக்கூடாது. 17 கோடி 40 லட்சம் கனமீற்றர் கொள்ளும் கொத்மலை நீர்த்தேக்கத்தை நினைத்துப் பார். அதற்குக் கீழேதான் கம்பளையும் பேராதனையும் இருக்கின்றன. அங்கே இந்த விதி இன்னும் பல மடங்கு முக்கியம்.

இதே மவுசாக்கலை வற்றிய வருடங்களையும் நீ பார்த்திருக்கிறாய். தண்ணீர் இறங்க இறங்க, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் மேலே வரும், நாம் சைக்கிளில் போய்ப் பார்த்தோமே. இப்போது வரட்சியும் வெள்ளமும் மாறி மாறி வருகின்றன. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அவ்வளவையும் சுமந்து வந்து ஒரே இடத்தில் கொட்டுகிறது. நம் சின்ன வயதில் ஆடி மாதம் நூல் போலச் சாரல் பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. கம்பளிக்குள்ளே கொழுந்து எடுப்பார்கள், மண் மெதுவாகக் குடிக்கும். இப்போது அந்த ஒரு வார மழை ஒரு மத்தியானத்தில் விழுகிறது. குடிக்க மண்ணுக்கு அவகாசம் இல்லை.

நான் உனக்கு எழுத நினைத்ததே இந்த மண்ணைப் பற்றித்தான். என் அப்பா கான்வெட்டுக்காரர் என்பது உனக்குத் தெரியும். மலைக்குக் குறுக்கே, லேசான சரிவில் கான் போகும். உள்ளே இடைக்கிடை குழி எடுத்து, குழிக்கும் குழிக்கும் நடுவே ஒரு சின்ன வரம்பு விடுவார்கள். மழைத் தண்ணீர் குழியில் விழுந்து மண்ணை அங்கேயே போட்டுவிட்டு, வரம்பைத் தாண்டி அடுத்த குழிக்குப் போகும். மழைக்காலம் முடிந்ததும் குழிக்குள் தங்கிய மண்ணை அள்ளித் தேயிலைத் தூருக்குப் போடுவார்கள். ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு மலையிலும். "மண்ணு ஆத்துக்குப் போனா மறுபடி வராதுடா" என்று அப்பா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொல்வார்.

கார்த்திகைக்குப் பிறகு நான் நான்கு நாள் எங்கள் மேல்மலை முழுவதும் நடந்தேன். ஆள் இல்லை என்று எத்தனையோ வருடமாகக் கான் சுத்தம் பண்ணவே இல்லை. பாதி மலை மாணாப்புல்லும் காடுமாகக் கிடக்கிறது. கான் மண்ணால் மூடி, மேலே செடி முளைத்து, இருந்த தடமே தெரியவில்லை. ஒவ்வோர் இடத்திலும் ஒரே கதைதான். தண்ணீர் கானில் போக முடியாமல் ஓர் இடத்தில் கரையை உடைத்து நேரே கீழே பாய்ந்திருக்கிறது. கீழுள்ள கானையும் உடைத்து, அதற்குக் கீழுள்ளதையும் உடைத்து, மலையை மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்த மாதிரி. எங்கள் குசினியைக் கொண்டுபோன சரிவுக்கு நேர் மேலே அப்படி ஒரு கோடு இருக்கிறது. என் முழங்கை ஆழம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளில் 150 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு ஏக்கரில் ஆறு லட்சம் லீற்றர் தண்ணீர். ஆறாயிரம் லீற்றர் தண்ணீர் பவுசர் வண்டி நூறு. அது குழி குழியாக நின்று இறங்குவதற்கும் ஒரே பாய்ச்சலில் ஓயாவில் விழுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! போகும்போது மண்ணையும் அள்ளிக்கொண்டு போகிறது. அந்த மண் காசல்ரீயின் அடியில் படிகிறது. படிந்த அளவுக்கு அடுத்த வெள்ளத்துக்கு அங்கே இடம் குறைவு. இவ்வளவு பெரிய மழையைக் கான் தடுத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சின்ன மழைகளில் அது தடுக்கும். பெரிய மழையில் எங்கள் லயத்துக்கு அரை மணி நேரம் வாங்கித் தரும். அந்த அரை மணி நேரத்துக்குள் பாட்டி இன்னும் இரண்டு லயத்தின் கதவைத் தட்டியிருப்பார். தேயிலைக்கு எவ்வளவு காசு, வீதிக்கு எவ்வளவு காசு என்று பேசுகிறவர்கள் கான் வெட்டுவதையும் வெள்ளப் பாதுகாப்பு வேலை என்று எழுதி, அதற்கு நாள் சம்பளம் கொடுக்கவேண்டும். இதை நான் கூட்டங்களில் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

இன்னொரு வேலையும் தொடங்கியிருக்கிறோம். தோட்டத்துப் பெடியன்களோடு சேர்ந்து சோடாப் போத்தலில் மழைமானி செய்கிறோம். நேர்ச் சுவருள்ள பெரிய போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகப் புனல் போல வைக்கவேண்டும். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, சுவர் நேராகத் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியம் என்று கோடு போடுகிறோம். அதிலிருந்து அடிமட்டத்தால் அளந்து 75இல் மஞ்சள் நகப்பூச்சு, 100இல் செம்மஞ்சள், 150இல் சிவப்பு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகள்தான் இவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றாலோ ஒரு மணி நேரத்திலேயே 75 என்றாலோ எழுந்து போய்விடவேண்டும். முறைபோட்டு எட்டுப் பேர் பார்க்கிறார்கள். சிவப்புக்கு வந்தால் கோயில் மணி அடிக்கும். மணிக்கு மொழி இல்லை.

போவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பது அடுத்த கேள்வி. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை இறங்கியபோது, அந்த இடம் ஆபத்து என்று வருடக்கணக்காகத் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன? நிலம் சொந்தம் இல்லாதவன் எங்கே போய்க் குடிசை போடுவான்? ஏழு 'பேர்ச்' அளவு காணியும் வீடும் கிடைத்தவர்கள் சிலர். மிச்சப் பேர் இன்னும் வெள்ளைக்காரன் கட்டிய லயத்தில்தான், ஓயா ஓரத்திலும் மண்கரை அடியிலும். பாதுகாப்பான இடத்தில் உறுதியோடு காணி கொடுக்காமல் எங்களிடம் சிவப்பு எச்சரிக்கையை மட்டும் கொடுப்பது போதாது மச்சான். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

உன் பக்கத்து விஷயமும் அதேதான். வெல்லம்பிட்டியைச் சுற்றியிருந்த சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டி எத்தனை கட்டிடம் வந்தது என்று நீயே சொல்லியிருக்கிறாய். கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்று பெயர் வாங்கியது. அந்தச் சதுப்புகள்தான் ஆறு பொங்கும்போது தண்ணீர் போய் உட்காரும் இடம். அங்கே நாம் உட்கார்ந்தால் அது நம் வீட்டுக்குள்தான் வரும். உன் வீட்டை விற்றுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீழ்த்தட்டில் சாமான் வைக்காதே, மேலே ஓர் அறையாவது எழுப்பு.

உனக்கு ஒரு விஷயம் தெரியுமா? நீர்ப்பாசனத் திணைக்களம் களனியின் நீர்மட்டத்தை ஏழு இடங்களில் பார்த்து வெளியிடுகிறது. பட்டியலின் ஒரு நுனியில் நோர்வூட், மறு நுனியில் உனக்குப் பக்கத்து நாகலகம் வீதி. எங்களுக்கு மீற்றர் கணக்கில், உங்களுக்கு இன்னும் அடிக் கணக்கில். அங்கே 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெரு வெள்ளம். இங்கே சில மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும். உங்களிடம் வந்து சேர ஒரு நாளுக்குமேல் ஆகும். நடுவில் ஹங்வெல்லை, கிளென்கோர்ஸ், கித்துல்கலை. அந்த மூன்றையும் பார்க்கக் கற்றுக்கொள், அங்கே ஏறினால்தான் உனக்கு ஆபத்து. உன் மகளிடம் ஃபோனில் காட்டச் சொல். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அடித்துக் கேட்கலாம். எங்கள் மழைமானியில் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு வந்தால், நேரம் எதுவானாலும் நான் உனக்கு அடிப்பேன். தூக்கத்தில் இருந்தாலும் எடு.

மாசி மகத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், கட்டாயம் வா. மேல்மலையில் தண்ணீர் கிழித்த அந்தத் தடத்தை உனக்குக் காட்டவேண்டும். பெடியன்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐம்பது அடிக் கான் திறந்திருக்கிறோம், அப்பாவின் மண்வெட்டியால் முதல் வெட்டு நான்தான் வெட்டினேன். வரும்போது அங்கே மலிவாகக் கிடைத்தால் பெரிய சோடாப் போத்தல், வெறும் போத்தல், ஒரு பத்துக் கொண்டு வா. சிவப்பு நகப்பூச்சும் ஒன்று. லட்சுமியுடையது தீர்ந்துவிட்டது.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்