கடைசித் தாள்கள் இல்லாத புத்தகம்

எங்கள் கிளை நூலகத்தை நடத்துகிறவர்களுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு உறுப்பினர் வணக்கத்தோடு எழுதுவது.

எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் நாவல்கள் பற்றி ஏற்கெனவே இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவருடைய புத்தகங்களை நம் நூலகத்துக்கு வாங்கி வையுங்கள் என்றுதான் கேட்டேன். போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவருடைய 'விட்டுவிடு கருப்பா' நாவலை உங்கள் அலமாரியிலிருந்து எடுத்துவந்து இரண்டே ராத்திரியில் படித்தாள். முடிச்சு அவிழப்போகிற இடத்தில் புத்தகம் நின்றுபோனது. பசை விட்டுக் கடைசித் தாள்கள் எப்போதோ உதிர்ந்திருக்கின்றன. பின் அட்டையை மட்டும் செலோடேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறீர்கள். இந்தக் கதை 1990களில் 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' என்று டி.வி.யில் வந்தபோது எங்கள் தெருவே பார்த்தது. முடிவைச் சொல்ல வாயெடுத்தேன். "சொல்லாதீங்கப்பா, நானே படிக்கணும்" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

புதுப் பிரதி கேட்டால், பேய்க்கதைக்கெல்லாம் பணம் ஒதுக்க முடியாது என்கிறீர்கள். ஐயா, தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கருப்பசாமி மேல் உள்ள பயத்தில் ஆரம்பிக்கும் அந்தக் கதை மனநோய் பற்றிய விளக்கத்தில் போய் முடியும். அந்த முடிவைக் கிழித்துவிட்டுக் கொடுத்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது வெறும் பயம்தான்.

பேய்க்கதை மட்டுமா எழுதினார்? அதே 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'ரகசியம்' தொடர், ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்துச் செய்ததாகச் சொல்லும் நவபாஷாண லிங்கத்தையும் சித்தர்களையும் சுற்றி வந்தது. 'சிருங்காரம்' படத்துக்காகத் தேவதாசிப் பெண்ணின் கதையை எழுதினார். மேடையேறி ஆன்மிகமும் பேசினார். அவர் மதுரையில் காலமாகி (2024 நவம்பர் 10) இவ்வளவு நாளாகியும், உங்கள் அலமாரியில் அவர் பெயருக்கு இருப்பது இந்த ஒரு கிழிந்த பிரதிதான்.

வேண்டுமானால் கோட்டூர்புரத்தில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் படிக்கச் சொன்னீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை பஸ் மாறி அங்கே போய்த் திரும்ப எத்தனை மணியாகும்? நாங்களும் சொத்துவரியோடு நூலக வரி கட்டுகிறவர்கள்தானே? குடிதண்ணீரிலிருந்து புத்தகம் வரைக்கும் வடசென்னைக்கு ஏன் எப்போதும் மிச்சமீதி? கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன்: 'விட்டுவிடு கருப்பா' முழுப் பிரதி ஒன்று வாங்கி வையுங்கள். அப்புறம், அவருடைய மற்ற நாவல்களையும் முடிந்தவரை வரவழையுங்கள்.

புத்தகத்தை 14ஆம் தேதி திருப்பித் தர வேண்டும். அன்றைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவளுக்கு இன்னும் முடிவு தெரியாது.