அம்மாவின் தோட்டத்தைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

ஒவ்வொரு வீடாக வந்து நேரில் சொல்லத்தான் நினைத்திருந்தேன். வேலை, அம்மாவின் பிசியோ (நடைப் பயிற்சிச் சிகிச்சை), மருந்து நேரம் என்று நாட்கள் ஓடிவிட்டன, ஜூனும் முடியப்போகிறது, இன்னும் தள்ளிப்போட மனம் வரவில்லை. நேற்றுக் காலை அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு பின்கதவுப் படி வரைக்கும் தானாக நடந்து வந்தார். பாவற்கொடி பந்தலின் பாதி வரை ஏறியிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "எல்லாம் பிடிச்சிட்டுது பிள்ளை" என்றார். அப்புறம் கத்தரியை எண்ணத் தொடங்கிவிட்டார். மார்ச் மாதத்துக்குப் பிறகு அம்மாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

அந்த வெளிச்சத்துக்கு உரியவர்கள் நீங்கள்தான்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கு அம்மாவின் பின்வளவு தெரியும். யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் மிளகாயும் வெங்காயமும் நட்டு வளர்ந்தவர், இங்கே வந்து இந்தக் களிமண்ணோடு பதினேழு வருடம் மல்லுக்கட்டி அதைத் தோட்டமாக்கினார். ஒவ்வொரு மார்ச்சிலும் முதல் வேலையாக பேஸ்மென்டில் விளக்கைப் போட்டு மிளகாயும் கத்தரியும் விதைத்துவிடுவார், ஏனென்றால் அவை வெளியே போகும் அளவுக்கு வளர எட்டு முதல் பத்து வாரம் வேண்டும். இந்த வருடமும் விதைத்தார். மூன்றாவது கிழமை, விழுந்தவுடனே பனிக்கட்டியாகிவிடும் உறைமழை பெய்த ஒரு காலையில் முன்வாசலில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அறுவைச் சிகிச்சை, பிறகு மறுவாழ்வு நிலையம். நான் வேலைக்கும் அங்கேயுமாக ஓடிக்கொண்டிருந்தேன். நாற்றுகள் என் நினைவிலேயே இல்லை. ஐந்தாம் நாள் அம்மாவே கட்டிலில் படுத்துக்கொண்டு "கண்டுகளுக்கு ஆர் தண்ணி விடுகினம்?" என்று கேட்டபோது எனக்கு வயிறு கலங்கிப்போயிற்று. வீட்டுக்கு வந்து பேஸ்மென்ட் படியில் இறங்கினால் மண் ஈரமாக இருக்கிறது! இரண்டு வீடு தள்ளியிருக்கும் மாமி, அம்மா முன்பு கொடுத்து வைத்திருந்த திறப்பால் கதவைத் திறந்து தினமும் வந்து போயிருக்கிறார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்.

மாமி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மேலிருந்து ஊற்றினால் தண்டு அழுகும் என்று தட்டில் தண்ணீர் விட்டீர்கள். காற்றில்லாத இடத்தில் கன்று மெலிந்துபோகும் என்று தினமும் உள்ளங்கையால் அவற்றைத் தடவிக்கொடுத்தீர்கள், தண்டு தடிக்கும் என்று. ஏப்ரல் தொடக்கத்தில் தக்காளி போட்டதும் நீங்கள்தான். மாதக் கடைசியில் அம்மாவின் பாவல் விதையை நகவெட்டியால் ஓரத்தில் மெல்லக் கீறி, இரவு முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கும் அறையில் வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தத் தடித்த தோலுக்குள்ளிருந்து வெள்ளை முளை எட்டிப்பார்த்த அன்று நீங்கள் படம் எடுத்து அனுப்பினீர்கள், நான் அதை மறுவாழ்வு நிலையத்தில் அம்மாவுக்குக் காட்டினேன். அன்றைக்கு அம்மா இரண்டு தடவை எழுந்து நடந்தார்.

கடையில் கன்று வாங்கலாமே என்று சிலர் கேட்டார்கள். தக்காளி எங்கேயும் கிடைக்கும், சரி. அம்மா ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் நல்ல காயாகப் பார்த்துப் பழுக்கவிட்டு, காயவைத்து, கடதாசி உறையில் போட்டு வைத்த கத்தரியும் மிளகாயும் எந்தக் கடையிலும் கிடையாது. இந்த நிரை செத்திருந்தால் பதினேழு வருடத் தொடர்ச்சியில் ஒரு வருடம் அறுந்துபோயிருக்கும்.

அடுத்தது, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இத்தாலிய ஐயா. இவருக்குத் தமிழ் தெரியாது, அவருடைய பேத்தி இதை வாசித்துச் சொல்லுவதாகச் சொல்லியிருக்கிறாள். மே நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை நல்ல சூடு. நான் எல்லாத் தட்டுகளையும் வெளியே எடுத்து முழு வெயிலில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்க்கப் போய்விட்டேன். விளக்குக்குக் கீழே வளர்ந்த இலை நேர் வெயிலைத் தாங்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. திரும்பி வந்தபோது தட்டுகள் அத்தனையும் மேப்பிள் மரத்து நிழலில் இருந்தன, கத்தரியில் சில இலைகள் மட்டும் வெளிறிப்போயிருந்தன. எண்பது வயதைத் தாண்டிய மனிதர், ஒவ்வொரு தட்டாகத் தூக்கி வைத்திருக்கிறார். அதோடு விடவில்லை. முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம், பிறகு காலை வெயில் என்று ஏழெட்டு நாள் பழக்க வேண்டும் என்று கையால் காட்டி விளக்கினார். நான் வேலைக்குப் போனபிறகு அவர் வெளியே எடுத்து வைப்பார், பின்னேரம் நான் உள்ளே வைப்பேன். கன்றுகளுக்கு வெளிக்காற்றைப் பழக்கியது அவர்தான்.

ஈரக் களிமண்ணைக் கொத்த விடாமல் தடுத்ததும் அவரே. ஒரு பிடி எடுத்து உருட்டி விரலால் தட்டிப் பார்க்கச் சொன்னார், உதிர்ந்தால்தான் மண்வெட்டி வைக்கலாம், பிசினாக ஒட்டினால் இன்னும் இரண்டு நாள் பொறு. பொறுத்தேன். அந்தப் பொறுமையால்தான் இன்றைக்கு மண் கட்டி கட்டியாக இறுகாமல் பொலபொலவென்று இருக்கிறது.

ரொறன்ரோவில் தோட்டம் வைப்பவர்களுக்கு விக்டோரியா தின லோங் வீக்கென்ட் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. மே 25க்கு முந்திய திங்கள் அந்த விடுமுறை, சனி ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள். அதற்கு முன் நட்டால் உறைபனிப் பயம், இரவில் 10 பாகைக்குக் கீழே போனாலே கத்தரியும் பாவலும் அப்படியே நின்றுவிடும். பிந்தினாலும் கஷ்டம், ஒக்டோபரில் மறுபடி குளிர் வந்துவிடும், பாவல் நட்டுக் காய்க்க இரண்டு மாதம் வேண்டும். அந்த மூன்று நாளில் என்னால் தனியாக முடிந்திருக்காது. பிக்கப் ரக்கில் மாநகரசபை இலவசமாகக் கொடுத்த இலைக் கூட்டெருவை ஏற்றி வந்து இறக்கிய அண்ணாவுக்கும், அதைப் பின்வளவுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்ப் பரப்பிய தம்பிமார் மூவருக்கும் நன்றி. சனிக்கிழமை ஷிப்டை எனக்காக மாற்றிக்கொண்ட வேலைத்தல அக்காமார் இருவருக்கும் நன்றி.

நடும்போது அம்மா வீடியோவில் இருந்தார். மூத்த தம்பி போனைப் பிடித்துக்கொண்டு பாத்தி பாத்தியாக நடந்தான். "அதில வைக்காதை, பின்னேரம் வெயில் வராது." "பந்தலை முதல் போடு, பிறகு போட்டால் வேர் அறும்." "வெண்டிக் கண்டைப் பிடுங்கி வைக்காதை, விதையை நேரா ஊண்டு." தக்காளியைத் தண்டு பாதி மண்ணுக்குள் போகும்படி ஐயா ஆழமாக நட்டதைப் பார்த்து மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, தலையாட்டினார். புதைந்த தண்டிலும் வேர் விடும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது, ஒரே மொழி பேசாவிட்டாலும்.

நட்டு நாலாம் நாள் உறைபனி எச்சரிக்கை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நான் அப்போதுதான் வேலை முடிந்து பஸ்ஸில் இருக்கிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வளவு முழுக்கப் படுக்கை விரிப்பும் கவிழ்த்த வாளியுமாக இருக்கிறது. பகல் சூடு மண்ணிலிருந்து போய்விடாமல் இருக்க, சூரியன் இறங்குமுன்பே தம்பிமார் வந்து மூடிவிட்டார்கள். ஒரு விரிப்பில் கார்ட்டூன் படம். ஒரு கன்றுகூடக் கருகவில்லை.

அதற்குப் பிறகு வெட்டுப்புழு. இரண்டு இரவில் நான்கு மிளகாய்க் கன்றுகள் அடியோடு அறுந்து கிடந்தன. நான் படியில் குந்தியிருந்து அழுததை மூலை வீட்டு ஜமேக்கா அக்கா பார்த்திருக்க வேண்டும். அன்றிரவே டோர்ச் லைட்டோடு வந்து, தண்டைச் சுற்றி விரலால் மண்ணைக் கிளறி, சுருண்டு கிடந்த புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அடிவெட்டிய கடதாசிக் கோப்பைகளை எல்லாக் கன்றுக்கும் வேலிபோல மாட்டிவிட்டார். அறுந்துபோன இடங்கள் வெறுமையாக இருக்கக்கூடாது என்று தன் கலலூ நாற்றுகளைத் தந்தார். அது நம் முளைக்கீரைக்கு நெருங்கிய சொந்தம். அம்மா வீட்டுக்கு வந்து முதல் சாப்பிட்ட கீரை அதுதான், தேங்காய்ப்பால் விட்டு. அக்கா, அம்மா இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார், உங்களிடம் சொல்லச் சொன்னார்.

பெயர் போடவில்லை என்று யாரும் குறை நினைக்க வேண்டாம், உங்களில் பலர் போட வேண்டாம் என்று சொன்னதால்தான். யாரையாவது விட்டிருந்தால் அது என் பிழை, மன்னியுங்கள்.

பாவலில் இப்போது ஆண்பூக்கள் மட்டும் வருகின்றன, அது வழமைதான், பெண்பூ பின்னால் வரும். ஓகஸ்டில் காய் இருக்கும் என்று அம்மா சொல்கிறார். முதல் பறியல் உங்கள் வீடுகளுக்கு என்று ஏற்கெனவே பிரித்துவிட்டார், பை கொண்டு வாருங்கள். படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன், கார்ட்டூன் விரிப்பு யாருடையது என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை. மாமி, உங்கள் நாற்றுத் தட்டுகள் கழுவிக் காயவைத்துப் பின்கதவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வந்தால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம், அம்மா அந்த நேரம் வெளியே கதிரையில்தான் இருப்பார்.