அந்த அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்

தியானக் குழுவின் மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கூடத்துக் கதவில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் படித்தோம். 15 நிமிட நடைத் தியானம், 45 நிமிட அமர்வு, பிறகு வட்டமாக உட்கார்ந்து 30 நிமிடப் பேச்சு என்று நடந்துவந்த வாரக் கூடுகையில் கடைசி 30 நிமிடத்தை எடுத்துவிட்டீர்கள். ‘உன்னத மௌனம் காக்கப்படும். மணி அடித்ததும் அனைவரும் அமைதியாகக் கலையவும். கூடம் உடனே பூட்டப்படும்’ என்கிறது தாள். காரணம் உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பேச்சு நீண்டுகொண்டே போனது, சிலர் ஊர்க்கதையில் இறங்கினார்கள், பூட்ட வேண்டியவர் சாவியோடு நின்று சலித்துப்போனார். அதில் பொய்யில்லை. ஆனாலும் அந்த அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதல் முறை வருபவரின் நிலைமையைப் பாருங்கள். சம்மணமிட்டு உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிட உயரத்தில் இருக்க வேண்டும். திண்டு தாழ்வாக இருந்தால் முழங்கால் இரண்டும் மேலே தூக்கிக்கொள்ளும், இடுப்பு பின்னால் சரியும், முதுகு கூன் போடும். கொஞ்ச நேரத்திலேயே அடிமுதுகு பிடித்துக்கொள்ளும், அப்புறம் கால் மரத்துப்போகும். திண்டுக்கடியில் ஒரு போர்வையை மடித்துச் செருகினால் பெரும்பாலானவர்களுக்கு வலி குறைந்துவிடும். முழங்கால் தரையில் படாமல் தொங்கினால் அதன் கீழே சிறு திண்டு ஒன்று வைக்கலாம். அதுவும் ஒத்துவராதவருக்கு நாற்காலி இருக்கிறது: சாய்மானத்தில் சாயாமல் சற்று முன்னால் உட்கார்ந்து, உள்ளங்கால் இரண்டும் தரையில் பதிய வேண்டும், எட்டாவிட்டால் காலுக்கடியிலும் ஒரு போர்வை. சொல்லி முடிக்க 2 நிமிடம் ஆகும். ஆனால் அமர்வின் நடுவில் போய்ச் சொல்ல முடியாது. தொடங்கும் முன் சொன்னாலும் பாதிதான் ஏறும், வலி எங்கே வரும் என்று அவருக்கே அப்போது தெரியாதே. மணி அடித்து எழுந்த பிறகுதான் கேள்வியே பிறக்கிறது.

இப்போதெல்லாம் மணி அடித்த பிறகு என்ன நடக்கிறது என்று ஒரு நாள் கதவருகே நின்று பாருங்கள். அவர் மரத்த காலை மெதுவாக ஊன்றிப் பார்க்கிறார். சுவரைப் பிடித்துக்கொள்கிறார். யாராவது முகத்தைப் பார்ப்பார்களா என்று இரண்டு பக்கமும் திரும்புகிறார். எல்லோரும் அறிவிப்பை மதித்துத் தலைகுனிந்து போகிறார்கள். செருப்பு வாரை மாட்ட இரண்டு தடவை முயல்கிறார், விரலில் உணர்வு இன்னும் திரும்பவில்லை. அதற்குள் கூடத்து விளக்கு அணைந்துவிடுகிறது. அடுத்த வாரம் அவர் வருவதில்லை. ‘புதியவர்கள் நிலைத்து நிற்பதில்லை’ என்று நிர்வாகக் கூட்டத்தில் கவலைப்படுகிறீர்கள்.

கால் வலியாவது பரவாயில்லை. கண்ணை மூடி 45 நிமிடம் உட்காரும்போது சிலருக்குப் பழைய துக்கம் பொங்கி வரும், சிலருக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சைக் கவனிக்கக் கவனிக்க மூச்சே திணறுவது போலிருக்கும். அந்த நேரத்தில் மூச்சைக் கவனிப்பதை விட்டுவிட வேண்டும், கண்ணைத் திறக்க வேண்டும், கவனத்தை உள்ளங்காலுக்கோ வெளிச் சத்தத்துக்கோ மாற்ற வேண்டும், தேவைப்பட்டால் எழுந்து நடக்க வேண்டும். எழுந்தால் தோல்வியில்லை என்றும் ஒருவர் சொல்ல வேண்டும். தொடர்ந்து இப்படி ஆனால் மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் சொல்ல ஆளில்லாவிட்டால், தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று அவர் நினைத்துக்கொள்வார், இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்வார். இரண்டாவது முன்னதைவிட மோசம்.

சந்தேகங்களை வாட்ஸ்அப் குழுவில் கேட்கலாம் என்கிறது அறிவிப்பின் கடைசி வரி. அந்தக் குழுவில் அட்மின் மட்டுமே பதிவிட முடியும்படி நீங்களே அமைத்து வைத்திருப்பது மறந்துவிட்டது போலிருக்கிறது. உன்னத மௌனம் உண்மையில் அங்கேதான் நிலவுகிறது.

அந்தச் சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேசத்தான் வேண்டும். புத்தர் உரைகளின் தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் உன்னத மௌனம் என்று சொல்லப்படுவது, எண்ணமும் ஆராய்வும் அடங்கிய இரண்டாம் தியான நிலையை. வாயை மூடிக்கொண்டு செருப்பைத் தேடுவதற்கு அந்தப் பெயர் கொஞ்சம் அதிகம்.

துறவிகளுக்கான ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினய பிடகத்தின் மகாவக்கப் பகுதியில் வருவது உங்களுக்குத் தெரியாததல்ல. கோசல நாட்டில் சில பிக்குகள் சண்டை சச்சரவின்றி மழைக்காலத்தைக் கழிக்க வேண்டும் என்று, மூன்று மாதமும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என முடிவு செய்தார்கள். பிச்சையெடுத்து முதலில் திரும்புகிறவர் இருக்கை போட்டு நீர் எடுத்துவைப்பார், கடைசியில் வருகிறவர் எல்லாவற்றையும் ஒதுங்க வைப்பார், குடம் கனத்தால் கைச்சாடையால் இன்னொருவரை அழைத்துக்கொள்வார். பிறகு புத்தர் தங்கியிருந்த சாவத்தி நகருக்குப் போய் இதைப் பெருமையாகச் சொன்னபோது புத்தர் பாராட்டவில்லை. கால்நடைகள் போல, ஆடுகள் போல வாழ்ந்துவிட்டு நன்றாக வாழ்ந்தோம் என்கிறார்களே என்று கடிந்துகொண்டார்; ஊமை விரதத்தைத் தடுத்தார். ஒருவர் குறையை மற்றவர் எடுத்துச் சொல்லும்படி வேண்டிக்கொள்ளும் பவாரணைச் சடங்கு அங்கேதான் பிறந்தது.

இதே இருக்கை, இதே குடம், இதே கைச்சாடை இன்னொரு தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 31-ஆம் சூத்திரத்திலும் (உரையிலும்) வருகிறது. அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் பிக்குகள் மூவரும் பாலும் நீரும் கலந்ததுபோல வாழ்ந்த இடம் அது. அவர்களைப் புத்தர் பாராட்டுகிறார். விவரிப்பு ஏறக்குறைய வரிக்கு வரி ஒன்றே. இங்கே கூடுதலாக ஒரே ஒரு வாக்கியம். ஐந்து நாளைக்கு ஒருமுறை இரவு முழுக்க உட்கார்ந்து தம்மம், அதாவது புத்தரின் போதனை, பேசுவோம் என்கிறார் அநுருத்தர். நாங்கள் இரவு முழுவதையும் கேட்கவில்லை. வாரத்துக்கு அரை மணி கேட்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். வட்டமாக உட்கார்ந்தால்தான் யார் வரவில்லை என்பது தெரியும். மூன்று வாரமாக ஒருவரைக் காணோமே என்று யாராவது கேட்பார்கள், யாராவது போய்ப் பார்ப்பார்கள். கழிச்சல் நோயில் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவை தன் அணுக்கச் சீடர் ஆனந்தரோடு சேர்ந்து தானே கழுவிவிட்டு, நீங்கள் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள் என்று கேட்ட ஆசிரியரின் பெயரில்தான் நாம் கூடுகிறோம். இப்போது வருகைப் பதிவேடு இருக்கிறது, ஒலிபெருக்கி புதிதாக வந்திருக்கிறது, முகாம் அறிவிப்புகள் சுவர் முழுக்க இருக்கின்றன. பக்கத்துத் திண்டில் உட்காருபவரின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. தியானம் செய்ய மட்டும் என்றால் வீட்டிலேயே செல்பேசியில் மணி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாமே, இவ்வளவு பேர் எதற்காக வந்து போகிறோம்?

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. கேட்க வந்ததைக் கேட்கிறோம். வீண் பேச்சு பற்றிய உங்கள் புகார் நியாயமானது. அது வளர்ந்ததற்குக் காரணம், நடத்த ஆளில்லாமல் விட்டதுதான். நேரத்தைப் பார்த்துக்கொள்ள வாரம் ஒருவர் பொறுப்பேற்கட்டும். அவர் மணியை மடியில் வைத்துக்கொள்ளட்டும். முதல் 5 நிமிடம் காலை நீட்டிக்கொள்ள. அடுத்து புதியவர்களின் கேள்விகள், அவைதான் முதலில் வர வேண்டும். பிறகு ஆளுக்கு 2 நிமிடம், பேச விருப்பமில்லாதவர் கைகூப்பிவிட்டு அடுத்தவருக்கு விடலாம். ஒருவர் பேசும்போது குறுக்கே அறிவுரை கூடாது. கேட்டால் மட்டும் சொல்லலாம். பழக்கமுள்ளவர்களிடம்தான் இந்த விதியை அதிகம் சொல்ல வேண்டியிருக்கும், எங்களையும் சேர்த்து. வட்டத்தில் கேட்டது வெளியே போகக் கூடாது. 10 பேருக்கு மேல் வந்தால் இரண்டு வட்டம், இல்லாவிட்டால் 2 நிமிடக் கணக்கு உடைந்துவிடும். 30-ஆவது நிமிடத்தில் மணி அடித்தால் பாதி வாக்கியத்திலும் நிறுத்த வேண்டும். திண்டு அடுக்கி, ஜன்னல் சாத்தி, விளக்கணைத்துப் பூட்டும் வேலையை நாங்கள் முறை போட்டுச் செய்கிறோம். சாவிக்காக உங்களில் யாரும் காத்திருக்க வேண்டாம்.

நல்ல நண்பர்கள் அமைவது இந்த வாழ்வில் பாதி என்றார் ஆனந்தர். அப்படிச் சொல்லாதே, முழுவதும் அதுதான் என்று திருத்தினார் புத்தர். உங்கள் அறிவிப்பு அந்தப் பாதியையும் விட்டுவைக்கவில்லை.

அந்த அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முழு முடிவுக்கு அவகாசம் வேண்டுமென்றால் நான்கு வாரம் சோதனையாக நடத்திப் பார்க்க அனுமதியுங்கள். அடுத்த அமர்வின் முடிவில் மணி அடித்ததும் நாங்கள் எழாமல் திண்டுகளை வட்டமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்போம். விளக்கை மட்டும் அணைக்க வேண்டாம் என்று பூட்டுபவரிடம் சொல்லிவையுங்கள்.

நன்றியுடன்,
திண்டு விரித்து அடுக்கும் தன்னார்வலர்கள்