பசங்க புக்கு போடுறவங்களுக்கு ராயபுரத்துல இருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்ல கிறிஸ்தவ புக்கு போடுற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் ஸ்தோத்திரம். நான் ராயபுரம் பக்கம் சண்டே ஸ்கூல் எடுக்குறவன். சபை கன்வென்ஷன் கூட்டத்துல போடுற புக்கு ஸ்டாலுக்குப் போனா பெரியவங்களுக்கு பிரசங்கக் குறிப்பு, தியான நூல்னு அடுக்கி வெச்சிருக்கீங்க, பசங்களுக்கு என்ன இருக்குன்னு கேட்டா ஒரு கலரிங் புக்கை எடுத்து நீட்டுறாங்க, அதுவும் வெளிநாட்டுப் படத்துக்குக் கீழ தமிழ் ஒட்டுனது.

போன வருஷம் விபிஎஸ்ல, அதான் லீவுல நடத்துற பைபிள் பள்ளியில, வந்த புக்குல இயேசுவோட சீஷர் பேதுரு தூண்டில் போட்டு உக்காந்திருக்காரு. என் கிளாஸ்ல பாதி பசங்க காசிமேட்டுப் பசங்க, அப்பா லாஞ்சுல போறவரு, அம்மா மீன் விக்கிறவங்க, வலை பின்றத தெனம் பாக்குறவங்க. பைபிள்ல லூக்கா 5-ல பேதுரு கூட்டத்து மீனவங்க வலைய அலசிட்டு இருந்தாங்கன்னு தெளிவா இருக்கு, யோவான் 21-ல 153 பெரிய மீன் வந்தும் வலை கிழியலன்னு இருக்கு, அந்த வலை ஏன் கிழியலன்னு கேக்குற பசங்க இவங்க. அவங்க கைல தூண்டில் படம் குடுத்தா சிரிக்காம என்ன பண்ணுவாங்க?

உங்களுக்குத் தெரியாததில்ல, ஆனா சொல்லிடுறேன். தமிழ் எழுத்துல அச்சான முதல் புக்கு 1578-ல கொல்லத்துல வந்த தம்பிரான் வணக்கம், 16 பக்கம்தான், அதுக்கு காசு போட்டது தூத்துக்குடி பக்கத்து முத்துக்குளித்துறை பரதவருங்க, கடல் ஜனம். அடுத்த வருஷம் கொச்சியில வந்த கிரீசித்தியானி வணக்கத்துக்கு மூலம், மார்க்கோஸ் ஜோர்ஜ்ங்கிற பாதிரியார் போர்ச்சுகீசுல கேள்வி பதிலா பசங்களுக்குன்னே எழுதுன புக்கு. அதாவது தமிழ் எழுத்துல அச்சான ரெண்டாவது புக்கே பசங்க பாடத்துல இருந்து வந்தது! அப்புறம் 1712-ல தரங்கம்பாடிக்கு பிரஸ் வந்துச்சு, 1715-ல புதிய ஏற்பாடு முடிஞ்சுது, 1761-ல பாண்டிச்சேரியில பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்து இங்கிலீஷ்காரங்க பிடிச்ச பிரஸ் வேப்பேரியில ஜெர்மன் மிஷனரி ஃபேப்ரிஷியஸ் கைக்கு வந்துச்சு, நம்ம ஊர்ல இருந்து நடந்து போற தூரம்தான் அது (வெயில் இல்லன்னா).

1840-ல நாகர்கோவில்ல பாலதீபிகைன்னு பசங்களுக்கே ஒரு பத்திரிகை வந்திருக்கு. அந்தக் காலத்துல மிஷனரிமாருங்க துண்டுப் பிரசுரம், சின்னப் புத்தகம்னு சல்லிசா அடிச்சு விட்டாங்க, மதம் மாத்தத்தான் அடிச்சாங்கன்னு சொல்றவங்க உண்டு, அதுல உண்மையும் இருக்கு, ஆனா சாதாரண வீட்டுப் பசங்க கைல அச்சடிச்ச தமிழ் போய் சேர்ந்ததுல அதுக்கும் பங்கு இருக்குன்னு நான் நினைக்கிறேன். இப்ப வழவழ தாள்ல போட்டு விலைய ஏத்துறீங்க, ரெண்டு புள்ள இருக்குற வீட்டுல ஒரு புக்கு வாங்குறதே யோசனையா இருக்கு.

அதனால ரெண்டு விஷயம் கேக்குறேன். பழைய பசங்க பத்திரிகை, சின்னப் புத்தகம் எது யார் பீரோவுல இருந்தாலும் ஸ்கேன் பண்ணி சும்மா படிக்க விடுங்க, கரையானுக்கு விடாதீங்க. இன்னொன்னு, புதுசு எழுத இங்க இருக்குறவங்களையே கூப்பிடுங்க, படம் வரையவும் இங்கயே ஆளு இருக்காங்க, சாதா தாள், பெரிய எழுத்து, கறுப்பு வெள்ளையா இருந்தாலும் போதும்.

அடுத்த விபிஎஸ் புக்கு பிரஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பிரதி எங்க பசங்ககிட்ட குடுங்க. அவங்களே சத்தமா படிச்சுக் காட்டுவாங்க, எங்க தடுக்குதோ எங்க சிரிக்கிறாங்களோ அங்க நீங்களே குறிச்சுக்கலாம், சனிக்கிழமை சாயங்காலம் நாங்க எல்லாரும் சர்ச்சுலதான் இருப்போம்.