கிளட்ச் பிளேட் விற்கும் பெட்டியின் மேல் அளவு அச்சிடப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2011-ஆம் ஆண்டு சந்தைக்கு வந்து, சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றுபோன ஹீரோ இம்பல்ஸ் பைக்கைத்தான் கொல்லிமலையில் உள்ள எங்கள் மிளகுத் தோட்டத்துக்கு இன்றும் ஓட்டிச் செல்கிறேன். 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்த பின்பும் தோட்டத்து மண்பாதையில் அரை கிளட்சிலேயே ஊர்ந்தாக வேண்டும் என்பதால், கிளட்ச் பிளேட் தேய்வது எங்களுக்குப் புதிதல்ல. மாற்றுவதற்குச் சரியான கிளட்ச் பிளேட் செட் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில், ஆக்சிலேட்டரை முறுக்கினால் என்ஜின் அலறுமே தவிர வண்டி ஏறாது என்ற நிலை வந்தது. ஹீரோவின் ஹங்க், சிபிஇசட் எக்ஸ்ட்ரீம் பைக்குகளின் என்ஜினும் இதே 149.2 சிசி என்பதால் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று கடைக்காரர் கொடுத்த செட்டை வாங்கி வந்தேன். மெக்கானிக் பழைய பிளேட்டையும் புதிய பிளேட்டையும் துடைத்து, தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியில் அளந்து காட்டினார்: தேய்ந்துபோன பழையதைவிடப் புதியது மெல்லியதாக இருந்தது! பெட்டியின் மேல் பளபளப்பான படம் இருந்தது. பிளேட்டின் தடிமனோ எண்ணிக்கையோ பாக எண்ணோ இல்லை. பிரித்த பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள இயலாது என்று கடையில் கையை விரித்துவிட்டனர்.

முழு செட் என்று விற்கப்படுவதில் சில பெட்டிகளில் உராய்வு பிளேட்டுகள் மட்டுமே உள்ளன. அவற்றுக்கு இடையிடையே அடுக்கப்படும் ஸ்டீல் பிளேட்டும் ஸ்பிரிங்கும் கேஸ்கட்டும் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. சூட்டில் நீலம் பாய்ந்து வளைந்த ஸ்டீல் பிளேட்டுகளையும் நீளம் குறைந்த ஸ்பிரிங்குகளையும் அப்படியே விட்டுவிட்டு உராய்வு பிளேட்டை மட்டும் மாற்றினால், செலவழித்த பணம் சில மாதங்களுக்குக்கூடத் தாங்குவதில்லை. கடினமான ஸ்பிரிங் போட்டால் வழுக்காது என்பார்கள். மலையில் நாள் முழுவதும் லிவரைப் பிடிப்பவரின் மணிக்கட்டைக் கேட்டால் வேறு பதில் வரும்.

பழைய வண்டியில் எவரும் பார்க்காத இடம், பிளேட்டுகள் அடுக்கி வைக்கப்படும் கிண்ணம் போன்ற கிளட்ச் ஹவுசிங். பிளேட்டுகளின் பற்கள் பல ஆண்டுகளாக இடித்து இடித்து அதன் அலுமினிய விரல்களில் பள்ளம் விழுந்திருக்கும். என் வண்டியில் நகத்தை வைத்து இழுத்தபோது ஒவ்வொரு பள்ளத்திலும் நகம் தடுக்கியது. பள்ளம் ஆழமாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிளேட்டும் அங்கே மாட்டிக்கொண்டு, கிளட்சைப் பிடித்தாலும் என்ஜினின் இழுப்பு முழுமையாக விடுபடாது. எனவே செட் வாங்கும் முன்பே கவரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. புதிய பிளேட்டுகளை மாட்டும் முன் என்ஜின் ஆயிலில் ஊறவைப்பதும், கார் ஆயிலைத் தவிர்த்து ஆயிலில் நனைந்தே இயங்கும் பைக் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் குறிக்கும் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை உள்ள ஆயிலையே ஊற்றுவதும் கட்டாயம்.

உற்பத்தி நின்ற வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்பவர்கள் பிளேட்டின் தடிமன், எண்ணிக்கை, பெட்டிக்குள் இருப்பவற்றின் பட்டியல், பொருந்தும் பாக எண் ஆகியவற்றை வெளிப்புறத்திலேயே அச்சிட வேண்டும். கடைக்காரர்களும் பணம் வாங்கும் முன் பெட்டியைப் பிரித்து அளந்து பார்க்க அனுமதிக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செம்மேடு, கொல்லிமலை.