காக்கா பற, கரடி பற

அன்புள்ள மல்லிகா,

கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு முட்டிவலி குறைந்ததில் மகிழ்ச்சி. கோத்தகிரியில் மழை விட்டபாடில்லை. தேயிலை நன்றாகத் துளிர்த்திருக்கிறது.

கொடைக்கானல் பக்கத்து உன் பூம்பாறைப் பிள்ளைகள் படத்தைப் பார்த்துப் பெயரை ஒப்பிக்கிறார்கள், மறுநாள் மறந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஒப்பிக்கும் சொல்லால் குழந்தைக்கு ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லையே! 1978-இல் சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம், “நீலத் தட்டு வேண்டாம், குரோமியம் தட்டைக் கொண்டு வா” என்று சொல்லிப் பார்த்தார்கள். ‘குரோமியம்’ பிள்ளைகள் அறியாத சொல். அங்கே நீலத் தட்டை விட்டால் இருந்தது ஆலிவ் பச்சைத் தட்டுதான். பிள்ளைகள் சரியாக எடுத்து வந்தார்கள். அது ஏதோ ஒரு நிறம் என்ற நினைவு பிறகும் பலரிடம் தங்கியிருந்தது. பாடமே நடத்தவில்லை, வேலைதான் சொன்னார்கள்.

நம் ‘காக்கா பற’ விளையாட்டும் அப்படித்தான். குருவி என்றால் கையைத் தூக்க வேண்டும், கரடி என்றால் தூக்கக் கூடாது. எங்கள் அங்கன்வாடியில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் அல்ல, படுகு மொழி பேசுகிறவர்கள். வாய் திறக்கும் முன்பே கையால் பதில் சொல்லிவிடுகிறார்கள். புரிவது முதலில், பேசுவது பிறகு, நான் அவசரப்படுத்துவதில்லை.

துணிப்பைக்குள் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு போட்டுத் தடவிப் பார்க்கச் சொல். சொரசொரப்பு, வழவழப்பு எல்லாம் தாமாக வந்துவிடும். உன் ஊரில் பூண்டு ஒன்றே போதும்: பல், தோல், தாள், வேர். படத்தில் மட்டும் பார்க்கும் கப்பலும் ஒட்டகமும் மெதுவாக வரட்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு புதுச் சொற்களுக்கு மேல் வேண்டாம். அவற்றையே வாரம் முழுவதும் வேறு வேறு ஆட்டத்தில் திருப்பிக் கொண்டு வா.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். தவறிய குழந்தையை “அவுட்” என்று ஓரமாக உட்காரவைக்காதே. அந்தச் சொல் தெரியாத பிள்ளைதான் இன்னும் அதிகம் ஆட வேண்டும். அதை விலக்கினால் தெரிந்தவர்களே தெரிந்ததை ஆடிக்கொண்டிருப்பார்கள். அடுத்த சுற்றில் அந்தக் குழந்தையே பெயர்களைச் சொல்லி ஆட்டத்தை நடத்தட்டும். தனக்குத் தெரிந்த பெயர்களையே சொல்லும், குரலும் துணிந்து வரும். இதை நான் மறுபடி மறுபடி பார்த்துவிட்டேன்.

‘பூப்பறிக்க வருகிறோம்’ ஆட்டத்தை இந்த வாரம் தொடங்கப் போகிறேன். மல்லியும் முல்லையும் இங்கே வேலிகளில் இல்லை. டேலியா, சாமந்தி, ஹைட்ரேஞ்சியா என்று மாற்றிக்கொள்கிறேன். உங்கள் பக்கத்துப் பூக்களின் பெயர்களை அம்மாவிடம் கேட்டு எழுதி அனுப்பு.

அன்புடன்,
சரசு